கிணற்றில் குதித்தவள்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பஸ்ஸைப் பிடித்து, பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்துகொண்டிருந்தாள் வெயிலுகந்தம்மாள். கேட்பவர்களிடம், "அக்கா வீட்டுக்கு மருமகன் வருதான். சமையலுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல" என்று சொல்வாள். அக்கா ரெங்கம்மாள் வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது. ஞாயிறு மட்டும் அந்தப் பெண்ணுக்கு லீவு கொடுத்துவிடச் சொன்னதே வெயிலுகந்தம்மாள்தான். முன்னறையில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை.

முன்னறையில் பேசுவது ரெங்கம்மாள். கேட்பது முத்துகிருஷ்ணன், அவர்களுடைய ஒரே தம்பி சுந்தரபாண்டியனின் மகன். மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறான். அப்பா செத்து நாலு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், குடும்பத்தின் கதையை எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அப்பாவின் தலைமுறையில் மிச்சம் இருந்தது இரண்டு அத்தைகள்தான். பெரியவளுக்கு எழுபத்திரண்டு, சின்னவளுக்கு அறுபத்தெட்டு. இருவருமே புருஷனை இழந்தவர்கள்.

முதல் வாரம் அவன் வந்தபோது இரண்டு பேரையும் சேர்த்துத்தான் உட்கார வைத்தான். டேப் ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் ரெங்கம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்தாள். கயத்தாற்றுக்கு மேற்கே இருந்த அந்த ஊர், கரிசல் வெடிப்பில் கால் மாட்டிய கன்றுக்குட்டி, ஐயாவின் மீசை, அம்மாவின் காதில் ஆடிய பாம்படம் என்று ஒரு மணி நேரம் நிற்காமல் சொன்னாள். பிறகு முத்துகிருஷ்ணன் இந்தப் பக்கம் திரும்பி, "சின்னத்தை, நீங்க?" என்றான். வெயிலுகந்தம்மாளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "என்னத்தச் சொல்ல? எல்லாம் அக்கா சொன்னதுதான்" என்றாள். இன்னும் இரண்டு தடவை கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அக்கா பக்கம் திரும்பிவிட்டான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து அவளுக்கு அடுப்படிதான்.

அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டது. அவளுடைய சத்தமும் அங்கே கேட்டதுதான் வினை. ஒரு வாரம் மிக்ஸியைப் போட்டதும் முத்துகிருஷ்ணன் எட்டிப் பார்த்து, "சின்னத்தை, கொஞ்சம் நேரம் பொறுத்து அரைங்க, டேப்புல விழுந்துரும்" என்றான். அடுத்த வாரம் அம்மியில் அரைத்தாள். அதற்கும் வந்தான். நாலு ஒலிநாடாக்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் 'பெரியத்தை' என்று எழுதி எண் போட்டு வைத்திருந்தான். அவன் குளிக்கப் போன நேரம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்தபடியே அடுக்கி வைத்தாள்.

அவளுக்கு இது புதிது இல்லை. நல்ல நிறம் அக்காவுக்கு. ஐந்தாம் வகுப்புவரை படிப்பு அக்காவுக்கு. அவளை மூன்றோடு நிறுத்தி மாடு பத்த அனுப்பினார்கள். அக்காவைத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் குடும்பத்தில் கோவில்பட்டிக்குக் கொடுத்தார்கள். அவளைப் பசுவந்தனையில் வானம் பார்த்த எட்டு ஏக்கருக்குக் கொடுத்தார்கள். அக்கா மின்விசிறிக்குக் கீழே படுத்த வருஷங்களில் அவள் வத்தல் காயப்போட்ட களத்தில் நின்றாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததால் ஒன்றும் குறையவும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் அவளிடம் இருந்தது. அது அக்காவிடம் இல்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது முன்னறையில் முத்துகிருஷ்ணன் கேட்டான். "பெரியத்தை, அப்பா சின்ன வயசுல கிணத்துல விழுந்துட்டாங்களாமே. அக்காதான் குதிச்சுத் தூக்குனான்னு சொல்லுவாங்க. அதச் சொல்லுங்க."

வெயிலுகந்தம்மாளின் கத்தி நின்றது.

ரெங்கம்மாள் தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகுதான் பேச்சு வந்தது.

"அப்பம் எனக்குப் பதிமூணு வயசு. உங்கப்பனுக்கு நாலு. தை மாசம். தோட்டத்துக் கிணத்துல பாதிக்குத் தண்ணி கெடக்கு. தொப்புன்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா புள்ள முங்கி முங்கி எந்திக்கான். நான் ஒண்ணும் யோசிக்கல. பாவாடைய வரிஞ்சு கட்டிக்கிட்டுக் குதிச்சிட்டேன். முடியப் பிடிச்சுத் தூக்கிப் படிக்கல்லுல போட்டேன். எங்க மாமனார் அந்தச் சங்கதியக் கேட்டுத்தான் என்னையப் பொண்ணு கேட்டே வந்தாவ. தைரியமான புள்ளன்னு."

முத்துகிருஷ்ணன் அழுதுவிட்டான். "நீங்க இல்லன்னா நானே இல்லயே அத்தை" என்று அவள் காலைத் தொட்டான்.

வெயிலுகந்தம்மாள் அடுப்படி நிலையில் வந்து நின்றாள். கையில் முருங்கைக்காய் இருந்தது. "யக்கா, குதிச்சது நானுல்லா?" என்றாள்.

முத்துகிருஷ்ணன் பொத்தானை அமுக்கினான். டேப் நின்றது. அக்கா என்ன பதில் சொன்னாள் என்பதைவிட, அவள் வாயைத் திறந்ததும் அவன் டேப்பை நிறுத்தியதுதான் வெயிலுகந்தம்மாளுக்கு முள்ளாகக் குத்தியது.

ரெங்கம்மாள் அவளை நேராகப் பார்க்கவில்லை. "உனக்கு அப்பம் ஒம்பது வயசு. நீ என்னத்தக் கண்ட? போயி அடுப்பப் பாரு" என்றாள்.

"தண்ணி எப்பிடிக் குளுந்து கெடந்துச்சுன்னு இப்பவும் எனக்குத் தெரியும். காதுக்குள்ள ஏறுன தண்ணி மூணு நாள் எறங்கல. நீ மேல நின்னு அழுதே."

"ஏட்டி, பேசாமப் போ."

முத்துகிருஷ்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா 'அக்கா'ன்னு மட்டுந்தான் சொல்லுவாங்க. எந்த அக்கான்னு நான் கேக்கல. என் தப்புதான்" என்றவன், சமாதானமாகச் சொன்னான். "ஒண்ணு செய்யுதேன். ரெண்டு பேரு சொல்லுததையும் எழுதிருதேன்."

அன்று குழம்பில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் வெயிலுகந்தம்மாள் தனக்குள் பேசிக்கொண்டே நடமாடினாள். ரெண்டு பேரு சொல்லுததையும் எழுதுவானாம்! கல்யாண வீட்டில் மொய் பிரிப்பதுபோல ஆளுக்குப் பாதியா? அந்த நிறத்தை அக்கா வைத்துக்கொள்ளட்டும், அந்த வீட்டை வைத்துக்கொள்ளட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லாரும் பயந்து நின்ற இடத்தில் தான் பயப்படாமல் இருந்திருக்கிறோம் என்பதை நினைத்துத்தான் அவள் எத்தனையோ வருஷங்களைத் தள்ளியிருக்கிறாள். மழை பொய்த்த வருஷங்களில், புருஷன் படுக்கையில் கிடந்த வருஷத்தில். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டினாள். பிறந்த வீட்டில் மட்டும் அதைப் பேசியதில்லை. கிணற்றைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஐயா சட்டம் போட்டிருந்தார்.

அதைவிடப் பெரிய எரிச்சல் இன்னொன்று. மாமனார் அந்தக் கதையைக் கேட்டுத்தான் பெண் கேட்டு வந்தாராம். அப்படியென்றால் அந்தக் கல்யாணம், அந்தக் கோவில்பட்டி வீடு, அந்த மின்விசிறி, எல்லாமே தான் குதித்ததற்குக் கிடைத்தவை. அதை அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இந்த நினைப்பு வந்த அன்று அவளால் இட்லிக்கு மாவைக்கூட ஒழுங்காகக் கரைக்க முடியவில்லை.

சாட்சி வேண்டும் என்று முடிவு செய்தாள். ஐயா, அம்மா, தம்பி எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. யோசித்து யோசித்து ஒரு பெயர் வந்தது. பிச்சையா. அந்த நாளில் அவர்கள் தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையை ஓட்டியவன். அப்போது பதினைந்து, பதினாறு வயது இருக்கும். அவன் மகன் கயத்தாற்றில் ஹைவே ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பதாக எப்போதோ கேள்விப்பட்டிருந்தாள்.

புதன்கிழமை கோவில்பட்டியில் பஸ் மாறிக் கயத்தாற்றில் இறங்கினாள். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடைக்குப் பின்னால் காரை வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் அவளை முதலில் தெரியவில்லை. எந்த ஊர், யார் மகள் என்று அவள் சொன்ன உடனே எழுந்துவிட்டார்.

"சின்னத்தாயியா! வாங்க தாயி, வாங்க. செல்வமாரி, சேரக் கொண்டா."

மருமகள் செல்வமாரி நாற்காலி கொண்டு வந்து போட்டாள். மூடி திறந்த கலர் சோடா பாட்டில் ஒன்றையும் கொண்டுவந்து நீட்டினாள். வெயிலுகந்தம்மாள் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை செல்வமாரி பார்த்துவிட்டாள் என்பது தெரிந்ததும் வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"நல்லா இருக்கியா பிச்சையா?" என்றாள். சொன்ன பிறகுதான், எழுபது வயதைத் தாண்டிய மனிதரை அவருடைய மருமகளுக்கு முன்னால் 'இருக்கியா' என்று கேட்டுவிட்டது உறைத்தது. "நல்லா இருக்கீரா?" என்று திருப்பிக் கேட்டாள். பிச்சையா சிரித்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி கிணத்துல விழுந்தான்லா, ஞாபகம் இருக்கா? அக்கா தான் குதிச்சதாச் சொல்லுதா. நாந்தானே குதிச்சேன்? நீரு அங்கனதானே கமலை ஓட்டுனீரு. நீரே வந்து சொல்லும், எங்க மருமகன் டேப்புல பிடிச்சுக்கிடுவான்."

பிச்சையா ஹைவே பக்கம் திரும்பினார். ஒரு லாரி கடந்து போகும்வரை காத்திருந்ததுபோல இருந்தது.

"தாயி, கோவிச்சுக்கிடாதிய. ரெண்டு பேருமே குதிக்கல."

"அப்புறம்?"

"நாந்தான் எறங்குனேன்."

செல்வமாரி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"உங்க அக்கா, பெரியவுக, கத்துன சத்தம் கேட்டு, கமலையப் போட்டது போட்டபடி ஓடியாந்தேன். புள்ள உள்ள போயிட்டான். குதிச்சு, கால்ல தட்டுப்பட்டவன அள்ளிக்கிட்டு மேல வந்தேன். ஐயா வந்து பாத்தாவ. புள்ளைய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாவ. பெறவு என்னய ஏற எறங்கப் பாத்தாவ. நல்ல தண்ணிக் கிணறுல்லா தாயி அது! உங்க தெருவே அதுலதான் குடிக்கும். எங்க ஆளுக அதுல கையி நனைக்கப்படாது. நான் தலையோட முங்கி எந்திச்சு நிக்கேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ஐயா என்னய அடிக்கல. புது வேட்டி எடுத்துக் குடுத்தாவ. 'பிச்சையா, நீ எறங்கல, எம்பொண்ணுதான் எறங்குனா. வெளிய தெரிஞ்சா உன்னயும் விட மாட்டாங்க, என்னயும் விட மாட்டாங்க'ன்னாவ. மறுநா, கிணத்துல பாம்பு செத்துக் கெடக்குன்னு ஊருக்குச் சொல்லி, தண்ணியப் பூரா எறைக்கச் சொன்னாவ. ஆறு நாள் எறச்சேன். நான் எறங்குன தண்ணிய நானே எறச்சு வெளிய விட்டேன். ரெண்டு மாசத்துல வேற ஊருல சோலி பாத்துக் குடுத்து அனுப்பிச்சிட்டாவ."

"எங்ககிட்டக்கூட இதச் சொல்லலயே மாமா" என்றாள் செல்வமாரி.

"வாங்குன வேட்டிக்கு விசுவாசமா இருந்தேன்" என்றார் அவர். இப்போது மட்டும் அந்தச் சிரிப்பு வேறுமாதிரி இருந்தது.

வெயிலுகந்தம்மாளுக்குப் பாம்பு ஞாபகம் இருந்தது. அதாவது, பாம்பு செத்துக் கிடந்ததாகச் சொன்னது ஞாபகம் இருந்தது. கமலை ஓடிய ஆறு நாளும் வாய்க்கால் கரை புரண்டு, மிளகாய்ச் செடிகள் அழுகிப்போனதும் ஞாபகம் இருந்தது. ஆனால் தண்ணீரின் குளிர்ச்சி? காதுக்குள் அடைத்த தண்ணீர்?

"நான் எங்கன நின்னேன்?" என்று கேட்டாள்.

பிச்சையா நெற்றியைச் சுருக்கினார். "பெரியவுக நின்னது தெரியும். அவுகதான் கத்துனாவ. நீங்க... அங்கன இருந்தியளா தாயி?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் விட்டால் அக்கா பாதி, தான் பாதி என்று புத்தகத்தில் வரும். சொன்னால் தனக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அக்காவுக்கும் இருக்காது. காலில் விழுந்து அழுதானே, அந்தக் கண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்வான்.

பிச்சையாவுக்காகச் சொல்லப்போகிறோம் என்று ஒரு தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோவில்பட்டி நெருங்கும்போது மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அக்காவின் முகம்தான். டேப் ஓடும்போது அந்த முகம் எப்படிச் சுருங்கும் என்பதுதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மதுரைக்குப் போன் போட்டாள்.

முத்துகிருஷ்ணன் சனிக்கிழமையே கயத்தாறு போய்விட்டான். ஒரு மணி நேரத்தில் வருவான் என்று நினைத்தால் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தானாம். பிச்சையாவின் பிள்ளைப் பிராயம், அவருடைய அப்பா, அவர் போன ஊர்கள், எல்லாவற்றையும் மூன்று ஒலிநாடாவில் பிடித்து வந்திருந்தான். ஞாயிறு காலை வந்ததும் வராததுமாக, "அந்த மனுசன் பேசுதது ஒரு புத்தகம் அத்தை, தனிப் புத்தகம்!" என்றான். ஐந்து வாரமாக அடுப்படியில் நின்றவளைப் பார்த்து ஒரு தடவைகூட அவன் கண் அப்படி மின்னியதில்லை. அக்காமேல் இருந்ததெல்லாம் போதாதென்று, வெயிலுகந்தம்மாளுக்கு அந்தக் கிழவர்மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது. அதற்காகக் கூசவும் செய்தாள்.

டேப்பை ரெங்கம்மாள் முன்னால் போட்டான். வெயிலுகந்தம்மாள் நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

'நாந்தான் எறங்குனேன்' என்ற இடம் வந்தது. ரெங்கம்மாளின் முகம் சுருங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலைச்சுமையை யாரோ கை கொடுத்து இறக்கியதும் வருமே ஒரு மூச்சு, அப்படி ஒரு மூச்சு விட்டாள்.

"ஆமா. அவந்தான்" என்றாள்.

"அப்பம் ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" முத்துகிருஷ்ணன் குரலில் மரியாதை இருந்தது, பழைய பாசம் இல்லை.

"உங்கப்பன் சாகுத வரைக்கும் அக்கா தூக்குனான்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நீ அதக் கேட்டு வந்து நிக்க. இல்லன்னு எப்படிச் சொல்ல?" என்றவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெயிலுகந்தம்மாளும் பின்னாலேயே போனாள். எதற்குப் போனோம் என்று அவளுக்கே தெரியாது. வெற்றியை இன்னும் கிட்டத்தில் நின்று பார்க்கத்தான் போயிருப்பாள்.

ரெங்கம்மாள் திரும்பி நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பம் குளுந்துபோச்சா உனக்கு?"

"பொய் சொன்னது நீ."

"நான் கேட்டு வாங்கினதாட்டி அது? ஐயா என்னயக் கூப்பிட்டு, நீ குதிச்சேன்னு சொல்லுன்னாரு. சொன்னேன். அத நம்பி ஒரு குடும்பம் பொண்ணு கேட்டு வந்துச்சு. நாப்பது வருசம் மாமியா வாயில அந்தக் கிணத்தக் கேட்டேன். வாரவுக போறவுககிட்டயெல்லாம் அவிய சொல்லச் சொல்ல நான் எந்திச்சு உள்ள போயிருவேன். என்னைக்காவது பிச்சையா பஜாருக்குள்ள எதுக்க வந்து நின்னுட்டா என்ன செய்யன்னு நெனைப்பேன். அதுல நீ வேற பங்குக்கு வார."

அந்தக் 'கூப்பிட்டு'தான் வெயிலுகந்தம்மாள் காதில் நின்றது. ஐயா அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். பொய்யைக்கூட அவளை நம்பித்தான் கொடுத்திருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை. இந்த நேரத்திலும் மனது அங்கேதான் போய் நின்றது.

"என்னய ஏன் கூப்பிடல?" என்று கேட்டேவிட்டாள்.

ரெங்கம்மாள் முன்னறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று எடை போடுவது தெரிந்தது.

"உன்னய ஐயா கண்ணுல படாம வைக்கோல் படப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். புள்ள எப்படிக் கிணத்தடிக்குப் போனான்னு அவரு கேட்டாரு. தானாப் போனான்னு சொன்னேன்."

"தானாத்தானே போனான்?"

"நீ கூட்டிட்டுப் போனே. ஐயா அவனுக்கு மட்டும் சில்லுக்கருப்பட்டி வாங்கிட்டு வந்தாருன்னு உனக்கு ஆத்தாமை. ஒரு துண்டு தா, ஒரு துண்டு தான்னு கிணத்தடி வரைக்கும் கூட்டிட்டுப் போயி அவன் கையப் பிடிச்சு இழுத்தே. அவன் குடுக்க மாட்டேன்னு பின்னால எட்டு வச்சான். நான் கமலைக் கல்லுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இத ஐயாகிட்டச் சொல்லல, அம்மாகிட்டச் சொல்லல, தம்பிகிட்டயும் சொல்லல."

இல்லை என்று சொல்லத்தான் வெயிலுகந்தம்மாள் வாயைத் திறந்தாள். ஆனால் சொல் வருமுன் உள்ளங்கையில் ஒரு பிசுபிசுப்பு வந்துவிட்டது. நாலு வயதுக் குழந்தையின் சின்னக் கை. கருப்பட்டி உருகி ஒட்டிய விரல்கள். அந்த விரல்கள் வழுக்கிக்கொண்டு போனது. அறுபது வருஷமாக அவள் ஒரு தடவைகூட நினைத்திராத ஒன்று, நேற்று நடந்ததுபோலக் கையில் இருந்தது. அந்தக் குளிர்ந்த தண்ணீரை எங்கிருந்து கொண்டுவந்து அதன்மேல் ஊற்றி மூடினோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். ரெங்கம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கும்போது அழுகை வந்தது. அழுகைக்குள்ளும் ஒரு எரிச்சல் இருந்தது. நன்றி சொல்ல வேண்டியவளாகவும் ஆக்கிவிட்டாளே! இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருக்க, அவள் என்னை மூடி வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். இதிலும் அவள்தான் பெரியவள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே முன்னறைக்குப் போனாள். முத்துகிருஷ்ணன் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"மருமகனே, அந்த மெஷின வையி. நான் பேசணும்."

அவன் ஆச்சரியப்பட்டான். ஆனாலும் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அவளுக்கு நாக்கு ஒட்டவில்லை.

"என் தம்பி சுந்தரபாண்டியன் கிணத்துல விழுந்தான்லா, அவனக் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போனது நான்" என்று ஆரம்பித்தாள். கருப்பட்டியைச் சொன்னாள். ஐயா தம்பிக்கு மட்டும் வாங்கி வந்ததைச் சொன்னாள். அக்காவின் பழைய பாவாடையைத்தான் தனக்குத் தைத்துக் கொடுப்பார்கள் என்பதைச் சொன்னாள். வைக்கோல் படப்புக்குப் பின்னால் எறும்பு கடித்ததைச் சொன்னாள். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. குதித்ததாகத் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன பொய்யை, அது பொய் என்று தெரியாமலே சொன்னதை, அதையும் சொன்னாள். பிச்சையா கிணற்றை இறைத்த ஆறு நாளும் தான் வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டு விளையாடியதைச் சொன்னபோது மட்டும் குரல் உடைந்தது.

ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. பாரம் இறங்கட்டும் என்று பாதி. மீதிப் பாதி, சொல்ல வெட்கமாக இருந்தாலும், இதுதான்: இந்தக் கதை அக்காவுடையது இல்லை, பிச்சையாவுடையதும் இல்லை. இது அவளுக்கே அவளுக்கானது. இதை யாரும் பங்குக்குக் கேட்டு வர மாட்டார்கள்.

முடித்ததும் முத்துகிருஷ்ணன் டேப்பை நிறுத்தினான். "அத்தை, இத நான் புத்தகத்துல போடல. நமக்குள்ள இருக்கட்டும்" என்றான்.

"போடணும்."

"நாளைக்கு உங்க பேரன் பேத்தி படிப்பாங்க."

"படிக்கட்டும். பிச்சையா சொன்னதப் போடுவ, அக்கா சொன்னதப் போடுவ, என்னயது மட்டும் வேண்டாமா? போடு. வெயிலுகந்தம்மாள்னு முழுப் பேரையும் போடு."

அவன் தலையை ஆட்டினான். இந்தக் குடும்பத்தில் யாரை நினைத்து அழுவது என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே இருந்தது. அவன் டேப்பை எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனான்.

அவளும் புறப்பட்டாள். எப்போதும் வாசலோடு நின்றுவிடும் ரெங்கம்மாள் அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். தெருவில் தீப்பெட்டிக் குச்சி ஏற்றிய வண்டி ஒன்று வழியை அடைத்து நின்றது. இரண்டு பேரும் சுவரோரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றார்கள்.

"எல்லாத்தையும் கொட்டிட்ட" என்றாள் ரெங்கம்மாள். "உனக்கு இனி பாரம் ஒண்ணும் இல்ல. ராசாத்தி மாதிரி போற."

வெயிலுகந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் குரலில் அந்த மாதிரி ஒரு எரிச்சலை அவள் இதுவரை கேட்டதில்லை. தன் வயிற்றுக்குள் மட்டுமே கேட்டிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம நான் முதல்ல இருந்து மறுபடி பேசணும்னு இருக்கேன்" என்றாள் ரெங்கம்மாள். "நீ வராத. நீ உள்ள நின்னா எனக்குப் பேச்சு வராது."

பசுவந்தனை பஸ் வந்துவிட்டது. வெயிலுகந்தம்மாள் படியில் கால் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வருவேன்" என்றாள்.